இருவர், ஒரு மெதுவான படகு: நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை உள்நீர்ப் பாதைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், திறந்த கடலில் இறங்காமலேயே வர்ஜீனியாவிலிருந்து புளோரிடா வரை படகில் போய்விடலாம். ஆறுகள், உப்பங்கழிகள், அகன்ற உள்கடல்கள், இவற்றை இணைக்க வெட்டிய கால்வாய்கள் எல்லாம் சேர்ந்த அந்தப் பாதைக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். நார்ஃபோக்கில் மைல் 0. மயாமி ஏறக்குறைய 1,090ஆவது மைலில் வருகிறது. இங்கே மைல் என்றால் சாலை மைல்தான், கடல் மைல் இல்லை. உங்கள் கருவி 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகம் காட்டினால் பாதைக் கணக்கில் மணிக்கு 8 மைல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அலைகளைத் தடுப்புத் தீவுகள் பார்த்துக்கொள்கின்றன. கவலைப்பட வேண்டியது ஆழத்தைப் பற்றித்தான். அரசுத் திட்டப்படி நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி ஆழம் இருக்க வேண்டும். ராணுவப் பொறியாளர் படைதான் தூர் வாருகிறது. ஆனால் நிதி வந்தால்தான் வாருவார்கள், மணலோ எல்லா நாளும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் சில இடங்களில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் 4, 5 அடிதான் மிஞ்சும். மாலை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு கிளம்புகிறவர்கள் இந்தப் பாதையில் சிரமப்படுகிறார்கள். தண்ணீர் எப்போது ஏறும் என்று பார்த்துக் கிளம்புகிறவர்கள் நிம்மதியாகப் போகிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டாவது வகை ஆட்களாக ஆவதற்குத்தான்.

படி 1: படகைத் தேர்ந்தெடுத்தல்

நீருக்கடியில் படகு எத்தனை அடி இறங்கி நிற்கிறது என்பதை முதலில் கேளுங்கள். மூன்றரை, நான்கு அடி என்றால் அருமை. ஐந்து அடி சமாளிக்கலாம். ஆறு அடி என்றால் ஓதம், அதாவது கடல் நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டியிருக்கும்.

அடுத்தது உயரம். பாதையில் உள்ள நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரத்தில் இருக்கின்றன. வட கரோலினாவின் வில்கர்சன் பாலம் 64 அடி. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். விசைப்படகுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாய்மரப் படகு என்றால் மரத்தின் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

இருவருக்கு என் பரிந்துரை, ஒற்றை டீசல் எஞ்சின் உள்ள, 6 முதல் 8 நாட் போகும் ட்ராலர் வகைப் படகு. வேகப்படகு வேண்டாம். சேற்றுப் பாதையில் வேகமாகப் போய்த் தட்டினால் சுழலி வளையும், அடிப்பாகம் உடையும். நடை வேகத்தில் தட்டினால் பெரும்பாலும் சேறு ஒட்டுவதோடு போகும். அப்புறம், அடிப்பக்கத்தில் நீளவாக்கில் நடுத்தண்டு உள்ள படகாகப் பாருங்கள். தரையில் உட்கார நேர்ந்தால் சுழலியையும் சுக்கானையும் காப்பது அதுதான்.

படி 2: காலம் குறித்தல்

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் வருவதற்குள் தெற்கே போகக் கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் நிபந்தனை போடுகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தேதி, எந்த அட்சரேகை என்று இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துவிடுங்கள். தெற்கே போகும் படகுகள் அக்டோபரில் நார்ஃபோக் பக்கம் கூடி, நவம்பரில் கரோலினாக்களைக் கடக்கின்றன.

நாளுக்கு 50 மைல் போதும். அதற்கே ஆறு ஏழு மணி நேரம் ஆகும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், மாலை ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடும். இரவில் ஓட்டவே வேண்டாம். விளக்கில்லாத குறிக்கம்பங்களும் நண்டுக்கூட்டு மிதவைகளும் இருட்டில் தெரியாது, மிதவைக் கயிறு சுழலியில் சுற்றினால் யாராவது தண்ணீரில் இறங்கித்தான் அறுக்க வேண்டும். ஐம்பது மைல் கணக்கில் மயாமிக்கு 22 பயண நாட்கள். காற்றுக்கும் ஓதத்துக்கும் ஓய்வுக்கும் இன்னும் அவ்வளவே நாட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

படி 3: வரைபடமும் ஆழமானியும்

வரைபடத்தில் பாதையை ஊதாச் சிவப்பு நிறக் கோடாகக் காட்டியிருப்பார்கள். அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அது வழி காட்டும் கோடு, ஆழத்துக்கு உத்தரவாதம் இல்லை. சில இடங்களில் மணல்திட்டின் மேலேயே போகும். ராணுவப் பொறியாளர் படையின் ஆழ அளவீடுகளை வண்ணத்தில் காட்டும் செயலிகள் உண்டு. அக்வா மேப் அதில் ஒன்று. சிக்கலான இடங்களுக்கு அந்த அளவீட்டைப் பார்த்து, சமீபத்தில் எந்த வழியாகப் போயிருக்கிறார்கள் என்று மற்ற பயணிகளின் குறிப்பையும் படித்துவிட்டுப் போங்கள். குறிகள் இடம் மாறினால் கடலோரக் காவல்படை அறிவிப்பு வெளியிடும்.

ஆழமானி காட்டும் எண் எங்கிருந்து அளந்தது என்று படகில் இருக்கும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்தா, உணரி பொருத்திய இடத்திலிருந்தா, அடித்தண்டுக்குக் கீழேயா? ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் வேறாகவும் நினைத்துக்கொண்டிருந்தால், "ஐந்து அடி இருக்கு" என்பது ஒருவருக்கு நிம்மதி, மற்றவருக்குப் பதற்றம். கயிற்றில் ஒரு கனமான பொருளைக் கட்டி இறக்கி ஆழத்தை நேரில் அளந்து, கருவியை அதோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

வரைபடத்தில் இருக்கும் ஆழம் சராசரித் தாழ் நீர்மட்டத்தில் அளந்தது. அதற்கும் கீழே தண்ணீர் இறங்கும் நாட்கள் உண்டு.

படி 4: இருவருக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

இந்தப் பாதையில் பெரிய சண்டைகள் எல்லாம் நங்கூரம் போடும்போதும் துறையில் கட்டும்போதும்தான் வருகின்றன. எஞ்சின் சத்தம், எதிர்க்காற்று, முன்னால் நிற்பவர் சொல்வது பின்னால் கேட்பதில்லை. கத்தினால் கோபப்படுவதாகத் தோன்றும். அதற்கு இரண்டு வழி: தலையில் மாட்டும் பேசுகருவி ஒரு ஜோடி வாங்குங்கள், இல்லையென்றால் முன்னே, பின்னே, இடம், வலம், நிறுத்து என்ற ஐந்துக்கும் கைச்சாடை வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பார்க்கும் தூரத்தில் எப்போதும் நில்லுங்கள்.

சுக்கானில் ஒருவர், கயிற்றில் ஒருவர் என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மற்றவர் தனியாகப் படகை ஓட்டி, ரேடியோவில் பேசி, நங்கூரம் போட்டு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். துறையில் கட்டும் வேலையைப் பொறுத்தவரை பலம் அதிகம் உள்ளவர் கயிற்றுக்குப் போவதுதான் சரி. பல தம்பதிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கணவர் சுக்கானில் உட்கார்ந்துகொண்டு மனைவியைத் துறைக்குக் குதிக்கச் சொல்கிறார். குதிக்கவே யாரும் தேவையில்லை. படகு துறையைத் தொடும் வரை வரட்டும், இறங்கி நடக்கலாம்.

இன்னொன்றையும் ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்: "இன்று வேண்டாம்" என்று இருவரில் யார் சொன்னாலும் அன்று பயணம் இல்லை. காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது.

படி 5: ஓதத்தை வைத்து நாளைத் திட்டமிடுதல்

முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மறுநாள் பாதையில் ஆழம் குறைந்த இடங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் உள்ள ஓத நிலையத்தின் நேரத்தை நோவா (அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பு) அட்டவணையில் பாருங்கள். கடல் வாய்க்கான நேரமும், பத்து மைல் உள்ளே இருக்கும் கால்வாய்க்கான நேரமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் உள்ளே வந்து சேர நேரமெடுக்கும்.

ஜார்ஜியாவில் லிட்டில் மட் ரிவர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதுபோன்ற ஓர் இடத்தில் தண்ணீர் முழுக்க இறங்கும்போது 3 அடிதான் இருக்கிறது, உங்கள் படகுக்கு 4 அடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ஓத ஏற்றம் 8 அடி. தண்ணீர் ஆறு மணி நேரத்தில் சீராக ஏறாது. முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. காலை 9 மணிக்குத் தாழ் நீர் என்றால் 11 மணிக்கு 2 அடி ஏறி ஆழம் 5 அடி ஆகியிருக்கும். உங்களுக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு அடிதான், போதாது. 12 மணிக்கு ஆழம் 7 அடி, இன்னும் மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டேயும் இருக்கும். அப்போதுதான் நுழைய வேண்டும். தட்டினாலும் காத்திருந்தால் தண்ணீரே தூக்கிவிடும். இதே 7 அடி தண்ணீர் இறங்கும் நேரத்திலும் வரும். அப்போது தட்டினால் சாய்ந்தபடி மறுநாள் வரைகூட உட்கார வேண்டியிருக்கும். எண் ஒன்றுதான் என்றாலும் ஏறும் தண்ணீரில் மட்டும் நுழையுங்கள்.

ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று வசதியாக இருக்கும் நேரம் ஒரு வாரத்தில் வசதியில்லாததாகிவிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும், அதே அளவு அதிகம் இறங்கவும் செய்யும். ஆழம் குறைந்த இடங்கள் வரிசையாக வரும் பகுதியை அந்த நாட்களில் தாழ் நீரில் கடக்கவே கூடாது.

வட கரோலினாவின் அல்பமார்ல், பாம்லிகோ உள்கடல்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிலவின் ஓதம் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். ஒரே திசையில் இரண்டு நாள் பலமாக அடித்தால் ஒரு கரையில் தண்ணீர் ஏறி, எதிர்க்கரையில் தரை தெரியும். அட்டவணையை வைத்துவிட்டு வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

படி 6: குறிகளைப் படித்தல்

தெற்கே போகும்போது சிவப்புக் குறி வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். பெரும்பாலான தூரத்துக்கு இது போதும். ஆனால் கேப் ஃபியர் போன்ற ஆறுகளில் உங்கள் பாதையும் கடலிலிருந்து கப்பல்கள் ஏறி வரும் பாதையும் ஒன்றாகிவிடும். ஆற்றுக் குறிகள் கப்பல்களுக்காக வைத்தவை, நீங்களோ எதிர்த்திசையில் இறங்குகிறீர்கள். நிறம் தலைகீழாகத் தெரியும். அங்கே குறிகளில் இருக்கும் சின்ன மஞ்சள் அடையாளத்தைப் பாருங்கள்: மஞ்சள் முக்கோணம் என்றால் வலப்பக்கம் விடுங்கள், மஞ்சள் சதுரம் என்றால் இடப்பக்கம். குறியின் நிறம் எதுவாக இருந்தாலும் இதுதான் விதி. பைனாகுலர் ஒருவர் கையில் எப்போதும் இருக்கட்டும்.

முன்னால் இருக்கும் குறியை மட்டும் பார்த்து ஓட்டினால், படகின் முகம் அதை நோக்கியே இருக்க, குறுக்கு நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அடிக்கடி திரும்பிப் பின்னால் விட்ட குறியையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் இருக்கிறீர்களா என்று அப்போதுதான் தெரியும். வளைவுகளில் உட்பக்கம் மேடு, வெளிப்பக்கம் ஆழம். பாதை கடல் முகத்துவாரத்தைக் கடக்கும் இடங்களில் மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். வட கரோலினாவின் லாக்வுட்ஸ் ஃபாலி அப்படிப்பட்ட இடம். அங்கே வரைபடத்தை நம்பாமல் தண்ணீரில் அன்று மிதக்கும் மிதவைகளை நம்புங்கள்.

படி 7: பாலங்களும் மற்ற படகுகளும்

திறக்கும் பாலங்களை விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினாவில் 13ஆவது சேனல். தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடாவில் 9. பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், எந்தத் திசை, இது மூன்றும் போதும். பல பாலங்கள் மணிக்கும் அரை மணிக்கும்தான் திறக்கும். முன்னாடியே போய் நீரோட்டத்தில் தடுமாறாமல் வேகத்தைக் குறைத்து நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். பாலத்தூணில் இருக்கும் அளவுப் பலகை அந்த நிமிடத்தில் எத்தனை அடி இடைவெளி என்று காட்டும். ஆன்டெனாவை மடக்கினால் அடியில் போகலாம் என்றால் மடக்கித்தான் போக வேண்டும், திறக்கச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

பெரிய படகு பின்னாலிருந்து வந்து முந்தக் கேட்டால் நீங்களும் வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் 7 நாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அவர் அதைவிட வேகமாகத்தான் கடக்க முடியும், அந்த அலை உங்களைத் தூக்கிப் போடும். நீங்கள் 4க்கு இறங்கினால் அவர் 6இல் அலையில்லாமல் தாண்டிவிடுவார். சரக்குப் படகுகளை இழுக்கும் டக் வந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று ரேடியோவில் கேளுங்கள். அவர்களுக்கு ஆழமான நடுப்பகுதியை விட்டுக்கொடுப்பதே மரியாதை.

படி 8: நங்கூரம்

ஓதம் பெரிதாக உள்ள இடங்களில் சங்கிலியின் நீளத்தைத் தவறாகக் கணக்கிடுவது சுலபம். 8 அடித் தண்ணீரில் மாலை நங்கூரம் போடுகிறீர்கள், ஆழத்தைப்போல ஏழு மடங்கு விடலாம் என்று 56 அடி விட்டால் நடுராத்திரியில் படகு நகரத் தொடங்கும். சரியான கணக்கு: 8 அடி ஆழம், மேலே ஏறப்போகும் 8 அடி, படகின் முன்முனை நீருக்கு மேலே நிற்கும் 4 அடி, ஆக 20. இதன் ஏழு மடங்கு 140 அடி. காற்றில்லாத இரவில் ஐந்து மடங்குகூடப் போதும், அதாவது 100 அடி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்பும், படகும் சுற்றும். அந்த வட்டத்துக்குள் மேடு இருக்கிறதா என்று சுற்றிலும் அளந்து பாருங்கள். ஜிபிஎஸ் அலாரம் வையுங்கள், நங்கூர விளக்கைப் போட மறக்காதீர்கள்.

படி 9: தரை தட்டினால்

உடனே எஞ்சினை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். முழு வேகத்தில் பின்னால் இழுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், ஆனால் அது சேற்றை எஞ்சின் குளிர்நீர்க் குழாய்க்குள் உறிஞ்சிவிடும். ஒருவர் கீழே போய்த் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கட்டும். இன்னொருவர் ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கட்டும். வந்த வழியேதான் ஆழம் இருந்தது, அதனால் மெதுவாகப் பின்னால் போய்ப் பாருங்கள். அசையவில்லை, தண்ணீரும் ஏறுகிறது என்றால் காபி போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். இறங்குகிறது என்றால் தாமதிக்காமல் இழுவைப் படகைக் கூப்பிடுங்கள். சீ டோ, டோபோட்யுஎஸ் போன்ற இழுவை நிறுவனங்களில் வருடச் சந்தா கட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. சந்தா இல்லாமல் ஒருமுறை இழுத்தாலே ஆயிரம் டாலரைத் தாண்டலாம். வெளியே வந்தபின் குளிர்நீர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்.

படி 10: பகுதி பகுதியாகப் பாதை

நார்ஃபோக்கிலிருந்து கிளம்பியதும் இரண்டு வழி. கிரேட் பிரிட்ஜ் லாக் (படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவு அடைப்பு) வழியாகப் போகும் 1859ஆம் ஆண்டுக் கால்வாய் ஆழமானது. இன்னொன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், 1793இல் தோண்டத் தொடங்கி 1805இல் திறந்தார்கள். சதுப்புக் காட்டுக்குள் அதை வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அங்கே மெதுவாகப் போகும் ஒவ்வொரு மைலிலும் அது நினைவில் இருக்க வேண்டும். தண்ணீர் தேயிலை டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், மரச்சாறு கலந்ததால் வரும் நிறம். ஆழம் 6 அடி, அடியில் மரக்கட்டைகள் கிடக்கும். நான்கு அடிப் படகு என்றால், திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இந்த வழியிலேயே போங்கள்.

அடுத்து அல்பமார்ல் உள்கடல். ஆழமில்லாததால் கொஞ்சம் காற்றுக்கே குட்டையும் செங்குத்துமான அலைகள் எழும். 15 நாட்டுக்கு மேல் காற்று என்றால் மறுநாள் பாருங்கள். அலிகேட்டர், பங்கோ ஆறுகளை இணைக்கும் நீண்ட கால்வாயில் இரண்டு கரையிலும் காடு, கரடி கண்ணில் படலாம். கேம்ப் லெஜூன் மரைன் படைத்தளத்தில் குண்டு பயிற்சி நடக்கும்போது பாதையை மூடிவிடுவார்கள். கரையில் விளக்கு மினுக்கினால் நிற்க வேண்டும்.

தென் கரோலினாவில் லிட்டில் ரிவரைத் தாண்டியதும் ராக் பைல் என்ற குறுகிய வெட்டு. இங்கே இருபுறமும் பாறை, சேறு இல்லை. எதிரே டக் வருகிறதா என்று ரேடியோவில் கேட்டுவிட்டு நடுவிலேயே போங்கள். அதன்பின் வரும் வாக்கமா ஆறு, சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் இடம். மொத்தப் பாதையிலும் ஓரிரண்டு நாள் சும்மா நிற்க ஓரிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சார்ல்ஸ்டனை விட்டதும் வரும் எலியட் கட்டில் நீரோட்டம் அவ்வளவு பலமானது, எதிர்த்துப் போனால் 7 நாட் படகு பாதி வேகத்தில்தான் நகரும். ஓட்டம் திரும்பும் நேரத்தைப் பார்த்து நுழையுங்கள்.

ஜார்ஜியாதான் கடினமானது. ஓதம் 7 முதல் 9 அடி. ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெகில் கிரீக் மூன்றும் ஏறும் தண்ணீருக்கு என்று ஒதுக்க வேண்டியவை. இங்கே பலர் பயந்து கடல் வழியாகப் போய்விடுகிறார்கள். மைல்கணக்கில் மனிதர் இல்லாத புல்வெளிச் சதுப்பு, மாலையில் தண்ணீர் இறங்கும்போது கரையில் சிப்பிகள் சொடுக்கும் சத்தம், இவற்றை விட்டுவிடுவது பெரிய இழப்பு. செயின்ட் ஆண்ட்ரூ சவுண்டில் பாதை கிட்டத்தட்டக் கடல்வரை வெளியே போய்த் திரும்பும், அதற்குக் காற்றில்லாத காலையைத் தேர்ந்தெடுங்கள். கம்பர்லண்ட் தீவில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்குப் போனால் காட்டுக்குதிரைகள் திரிவதைப் பார்க்கலாம்.

புளோரிடாவில் இந்தியன் ரிவர் பார்க்கக் கடல் போல அகலமாக இருக்கும், குறிகளுக்கு வெளியே பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. கடற்பசுக்களைக் காக்க வேகக் கட்டுப்பாடு உள்ள இடங்கள் நிறைய. ஹாலோவர் கால்வாயில் அவை மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவிடுவதைப் பார்க்கலாம்.

படி 11: படகுக்குள் வாழ்க்கை

சமையலுக்கு பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடி பூட்டிக்கொள்வதால் பெரிய படகின் அலையில் சாய்ந்தாலும் சாதம் தரையில் கொட்டாது, கேஸும் மிச்சம். பூச்சிவலை எல்லா ஜன்னலுக்கும் வேண்டும். சதுப்பில் கடிக்கும் பொடிப்பூச்சி சாதாரண கொசுவலைக் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும், அதைவிட நெருக்கமான வலை வாங்குங்கள். கழிவறைத் தொட்டியைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் திறந்துவிடுவது குற்றம். பாதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, அதனால் மரீனாக்களில் உறிஞ்சி எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாம் பீச்சிலிருந்து கடைசித் தூரத்தில் திறக்கும் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், வார இறுதியில் வேகப்படகுகளும் அதிகம். அதை வாரநாளில் கடங்கள். பாய்மரம் 56 அடிக்கு மேல் என்றால் ஃபோர்ட் லாடர்டேலில் போர்ட் எவர்கிளேட்ஸ் வழியாகக் கடலுக்கு வெளியேறி, மயாமியில் கவர்ன்மென்ட் கட் வழியாக உள்ளே வர வேண்டும். கிழக்குக் காற்று பலமாக இல்லாத நாளில் அரை நாள் ஓட்டம்.